ஆஸ்திரேலியாவில் பூகம்பம் வருமா, பழைய செங்கல் வீட்டை வாங்கலாமா?

கேள்வி இதுதான்: மெல்போர்னில் 1920களில் கட்டிய டபுள் பிரிக் (இரட்டைச் செங்கல் சுவர்) வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். 2021இல் ஊரே ஆடியது உங்கள் வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் கேட்கிறவர்கள் எல்லாம் "ஆஸ்திரேலியா நிலத்தட்டின் (பூமியின் மேலோட்டில் நகரும் பெரும் பாறைத் துண்டு) நடுவில் இருக்கிறது, இங்கே பூகம்பமெல்லாம் வராது" என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது, வீட்டை வாங்கலாமா வேண்டாமா?

நான் கட்டடங்களின் உறுதியைப் பார்க்கிற இன்ஜினியர், அதனால் இதை நிலத்தின் பக்கமிருந்தும் சுவரின் பக்கமிருந்தும் சொல்கிறேன். முதலில் சுருக்கமான பதில்: நிலநடுக்கம் இங்கே வரும், அடிக்கடி வராது, எங்கே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் பழைய செங்கல் சுவர்தான். வீட்டை வாங்கலாம். ஆனால் புகைபோக்கியையும் சுவருக்குள் இருக்கும் கம்பிகளையும் பார்க்காமல் வாங்காதீர்கள்.

இனி விரிவாக. ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்குச் சுமார் 100 தடவை ரிக்டர் 3 அல்லது அதற்கு மேல் நிலம் ஆடுகிறது. 5க்கு மேலே ஓரிரு ஆண்டுக்கு ஒன்று, 6க்கு மேலே பத்தாண்டுக்கு ஒன்று என்பது தோராயக் கணக்கு. உலகம் முழுக்க எடுத்தால் 6க்கு மேற்பட்டவை ஆண்டுக்கு நூறைத் தாண்டும், அதனால் இது மிகக் குறைவுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தக் கண்டம் எவ்வளவு பெரியது, மக்கள் எவ்வளவு சின்ன ஓரத்தில் குவிந்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 2016இல் பீட்டர்மன் மலைத்தொடர்ப் பக்கம் 6.1 அளவில் ஒன்று வந்து தரையையே கிழித்தது, எத்தனை பேருக்கு அது தெரியும்? பாலைவனத்தில் வந்ததால் செய்தியாகவில்லை, அவ்வளவுதான். அதே ஆட்டம் அடிலெய்டுக்குக் கீழே வந்திருந்தால் இன்று இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

இன்னொன்று, நம்மிடம் இருக்கும் எழுத்துப் பதிவு மிகக் குட்டையானது. 1788 ஜனவரியில் முதல் கப்பல்கள் சிட்னியில் வந்து இறங்கின, அதே ஆண்டு ஜூனில் ஒரு நில அதிர்வை அவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து எண்ணினால் இருநூற்று நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை. இங்குள்ள ஒரு நிலப்பிளவு ஒருமுறை நகர்ந்து மறுபடி நகர்வதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவு நீண்ட கதையில் கடைசி ஒரு வரியைப் படித்துவிட்டு "இங்கே ஒன்றும் நடக்காது" என்று சொல்வது சரியில்லை.

தட்டின் நடுவில் ஏன் ஆடுகிறது என்பது நியாயமான சந்தேகம். இந்தத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 7 சென்டிமீட்டர் வடக்கு-வடகிழக்காகப் போய்க்கொண்டிருக்கிறது, இது உலகிலேயே வேகமாக நகரும் கண்டங்களில் ஒன்று. 1994க்கான வரைபட ஆயங்களை 2020க்கு மாற்றியபோது எல்லா இடமும் 1.8 மீட்டர் தள்ளிப்போயிருந்தது. உங்கள் போனில் காட்டும் புள்ளிக்கும் பழைய நில வரைபடத்துக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி. இப்படி ஓடுகிற தட்டு வடக்கே பப்புவா நியூ கினி பக்கமும் கிழக்கே நியூசிலாந்துப் பக்கமும் பக்கத்துத் தட்டுகளோடு மோதுகிறது, இதோடு சேர்ந்த இந்தியப் பகுதியோ இமயமலையில் முட்டிக்கொண்டு நிற்கிறது, தெற்கே கடலடி மலைத்தொடரிலிருந்து பின்னாலிருந்து தள்ளலும் வருகிறது. ஓரத்தில் விழும் அழுத்தம் ஓரத்திலேயே தீர்ந்துவிடுவதில்லை, உள்ளே கடத்தப்பட்டு, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் உடைந்து ஆறிப்போன பழைய பிளவுகளில் சேர்கிறது. அதனால்தான் இங்கே வரும் நடுக்கங்களில் பெரும்பாலானவை நெருக்குதலால் வருபவை, நிலத்தின் ஒரு துண்டு பக்கத்துத் துண்டின் மேல் ஏறும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் மெக்கரிங்தான் இடம். பெர்த்துக்குக் கிழக்கே கோதுமை விளையும் பகுதியில் ஒரு சின்ன ஊர். 1968 அக்டோபர் 14, விடுமுறை நாள், காலை பதினொரு மணி ஆகப்போகும் நேரம், 6.5 அளவில் நிலம் உடைந்தது. சுமார் 37 கிலோமீட்டர் நீளத்துக்குத் தரை வளைந்து வெடித்து, சில இடங்களில் ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டது. ரயில் தண்டவாளம் பாம்பு மாதிரி நெளிந்தது, நெடுஞ்சாலையில் படி விழுந்தது, கால்கூர்லிப் பக்கம் தண்ணீர் கொண்டுபோகும் பெரிய இரும்புக் குழாய் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டது. ஊரின் பெரும்பாலான கட்டடங்கள் போய்விட்டன. யாரும் சாகவில்லை என்பது இன்றுவரை ஆச்சரியம்தான்.

டெனன்ட் கிரீக் இன்னும் முக்கியம், என்னைக் கேட்டால் குறைந்த நடுக்கமுள்ள நாடுகளில் வேலை செய்யும் எல்லோரும் அதைப் படிக்க வேண்டும். வட ஆட்சிப்பகுதியில், 1988 ஜனவரி 22, பன்னிரண்டு மணி நேரத்துக்குள் மூன்று பெரிய அதிர்வுகள், மூன்றுமே 6க்கு மேல், கடைசியானது 6.6. எரிவாயுக் குழாய் நெருக்கப்பட்டு மடிந்தது. பிறகு அந்தப் பிளவுகளின் குறுக்கே பள்ளம் வெட்டி மண் அடுக்குகளைப் பார்த்த ஆய்வாளர்களுக்கு, அதற்கு முன் பல பத்தாயிரம் ஆண்டுகளாக அந்த இடம் அசைந்ததற்கான தடயமே கிடைக்கவில்லை. அதாவது, 1986இல் ஒருவர் அபாய வரைபடம் போட்டிருந்தால் அந்த இடத்தை அமைதியான நிலமாகத்தான் குறித்திருப்பார்.

இதில் அடங்கியிருக்கும் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஜப்பானிலோ சிலியிலோ தட்டு எல்லை எங்கே என்று தெரியும், எதிரி எந்த வாசல் வழியாக வருவான் என்பது தெரிந்த நிலைமை. இங்கே அது தெரியாது. தென்மேற்கில் ஒரு பகுதி, அடிலெய்டுக்கு வடக்கே ஃபிளிண்டர்ஸ் மலைப் பகுதி, தென்கிழக்கு மேட்டுநிலங்கள் என்று அதிகம் ஆடும் இடங்கள் சில உண்டு, அவற்றைக் குறிப்பதில் தவறில்லை. ஆனால் குறிக்கப்படாத இடம் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்வது ஆபத்து. விக்டோரியாவிலேயே எச்சுக்காவுக்குப் பக்கத்தில் கேடல் என்றொரு பிளவு இருக்கிறது. சுமார் 70,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 20,000 ஆண்டுகளுக்கு முன்வரை அடுத்தடுத்துப் பல தடவை அசைந்து, சமவெளியில் பத்து மீட்டருக்கு மேல் ஒரு மேட்டை எழுப்பி, மர்ரி நதியையே தடுத்துத் திசை திருப்பியது. அப்புறம் அடங்கிவிட்டது. இங்குள்ள பிளவுகள் பலவற்றின் சுபாவம் இது, கொஞ்ச காலம் அடுக்கடுக்காக ஆடி, மிக நீண்ட காலம் தூங்கிவிடும். எது அடுத்து விழிக்கும் என்பதை ஜிபிஎஸ் அளவீடும் சொல்லாது, உள்ளே நடக்கும் நெருக்கம் அவ்வளவு நுண்ணியது.

சரி, சிட்னிக்கு வடக்கே இருக்கும் நியூகாசிலுக்கு வருவோம். 1989 டிசம்பர் 28, காலை 10:27. அளவு 5.6. ஜப்பானில் இந்த அளவு வந்தால் பெரும்பாலும் யாரும் வேலையை நிறுத்தமாட்டார்கள். நியூகாசிலில் 13 பேர் இறந்தார்கள், 160 பேருக்கும் மேல் காயமடைந்தார்கள், சுமார் 35,000 வீடுகள், 3,000 வணிகக் கட்டடங்கள், 147 பள்ளிகள் சேதமாயின, மொத்த நஷ்டம் 400 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். அந்தப் பள்ளிகளின் எண்ணிக்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும், ஏனென்றால் அது கோடை விடுமுறை, வகுப்பறைகள் காலியாக இருந்தன. ஆறு வாரம் தள்ளி, பாடம் நடக்கும் நேரத்தில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இறந்தவர்களில் 9 பேர் வொர்க்கர்ஸ் கிளப் கட்டடத்தில். அங்கே சுவரும் தளங்களும் கீழிருந்த கார் நிறுத்தத்துக்குள் சரிந்தன. 3 பேர் ஹாமில்டன் பகுதியின் போமன்ட் தெருவில், கடைகளின் முன் சுவர் இடிந்து நடைபாதைக் கூரையோடு மேலே விழுந்ததில் இறந்தார்கள். நடுக்கத்தின் மையம் ஊரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி பூலாரூ பக்கம். அப்படியிருந்தும் ஹாமில்டனில் ஏன் அவ்வளவு அடி? அங்கே கீழே இருப்பது ஹண்டர் ஆற்றோர வண்டல், பாறையில் லேசாக வரும் அலை அந்த இளக்கமான மண்ணில் ஏறியதும் பெரிதாகிவிட்டது.

மண்ணைச் சொன்னால் மட்டும் போதாது. இடிந்த சுவர்களைப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது வேறு. டபுள் பிரிக் சுவர் என்றால் இரண்டு ஒற்றைச் செங்கல் சுவர்கள், நடுவில் ஐந்து சென்டிமீட்டர் போல் ஒரு வெற்றிடம். இரண்டையும் பிடித்துவைப்பது இடையிடையே போட்டிருக்கும் கம்பித் துண்டுகள் மட்டும்தான், அவற்றை வால் டை என்பார்கள். கடலோர ஊரில் உப்புக் காற்றில் அந்தக் கம்பிகள் வெளிச்சுவர் பக்கம் துருப்பிடித்து நூல் மாதிரி ஆகியிருந்தன. சில இடங்களில் கம்பியே இல்லை, சில இடங்களில் கம்பி இருந்தும் சாந்துக்குள் பதியவில்லை. சாந்தும் சுண்ணாம்பு குறைந்து மணல் அதிகமான கலவை, விரலால் தேய்த்தால் உதிரும். வெளியே பார்த்தால் எண்பது வருடம் நின்ற கம்பீரமான சுவர், உண்மையில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மெல்லிய தாள்கள். நிலம் பக்கவாட்டில் சில நொடி ஆடியதும் வெளித்தாள் உரிந்து விழுந்தது. எடையைத் தாங்குவதற்குக் கட்டிய சுவர் எடையைத் தாங்கிக்கொண்டுதான் இருந்தது, பக்கவாட்டுத் தள்ளலை யாரும் அதனிடம் கேட்டதே இல்லை.

இதற்கு ஒரு பின்னணியும் உண்டு. நாட்டின் முதல் நிலநடுக்கக் கட்டட விதி 1979இல் வந்தது, மெக்கரிங் அனுபவத்துக்குப் பிறகு. ஆனால் அது அபாயமான பகுதி என்று வரைபடத்தில் கோடு போட்ட இடங்களில்தான் கட்டாயம், நியூகாசில் அந்தக் கோட்டுக்குள் இல்லை. 13 உயிர் போன பிறகு, 1993இல் வந்த புதிய விதி நாடு முழுக்கப் பொருந்தும்படி ஆனது. அதன் இன்றைய வடிவம் ஏஎஸ் 1170.4, புதுக் கட்டடங்கள் அதன்படிதான் வடிவமைக்கப்படுகின்றன.

அந்த விதியில் மெல்போர்னுக்கான அபாய எண் 0.08. 500 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கக்கூடிய அதிர்வில், பாறைத் தரை புவியீர்ப்பு முடுக்கத்தில் 8 சதவீத அளவுக்கு ஆடும் என்பது அதன் பொருள். அடிலெய்டுக்கு 0.10, நியூகாசிலுக்கு 0.11. நியூசிலாந்தின் வெலிங்டனுக்கு 0.40. ஒப்பிட்டால் நம்முடையது ஐந்தில் ஒரு பங்கு, அதனால் நிம்மதி என்று தோன்றும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். கலிபோர்னியா போன்ற இடத்தில் 500 ஆண்டு அதிர்வுக்கும் 2,500 ஆண்டு அதிர்வுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மடங்கு, முதலாவதுக்குக் கட்டிய கட்டடம் இரண்டாவதையும் அடிபட்டாவது தாங்கிவிடும். ஆஸ்திரேலியா மாதிரி இடத்தில் அதே வித்தியாசம் இரண்டு, மூன்று மடங்காகிவிடும். அதாவது வழக்கமாக எதிர்பார்ப்பது மிகச் சின்னது, ஆனால் அரிதாக வருவது அதைவிடப் பல மடங்கு பெரியது. அதனால் குறைந்த நடுக்கமுள்ள நாட்டில் "விதிப்படி கட்டியாயிற்று" என்பது நிம்மதியின் ஆரம்பம் மட்டும்தான், அதிலும் விதியே இல்லாத காலத்தில் கட்டியவற்றுக்கு அந்த ஆரம்பம்கூடக் கிடையாது. நாட்டின் பழைய நகர மையங்கள் எல்லாம் அப்படிக் கட்டியவைதான்.

2021 செப்டம்பர் 22 காலை 9:15க்கு நீங்கள் உணர்ந்தது 5.9, மையம் மெல்போர்னிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, வுட்ஸ் பாயின்ட் அருகே மலைக்காட்டில். விக்டோரியாவின் நிலப்பரப்பில் பதிவானவற்றில் மிகப் பெரியது அது. அடிலெய்டு, சிட்னி, டாஸ்மேனியா வரை உணர்ந்து 40,000க்கும் மேற்பட்டோர் அரசின் நிலவியல் அமைப்பான ஜியோசயன்ஸ் ஆஸ்திரேலியாவுக்குத் தகவல் அனுப்பினார்கள். இவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் இந்த நிலத்தின் பழமை: குளிர்ந்து கெட்டிப்பட்ட பழைய பாறையில் அலை, விரிசலில்லாத வெண்கல மணியின் ஓசை மாதிரி, தேயாமல் நெடுந்தூரம் போகும். அவ்வளவு தூரத்திலிருந்து வந்த அலையே சேப்பல் தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் மேல் சுவரைச் சாலையில் கொட்டியது. ஊரடங்குக் காலம், தெருவில் ஆள் இல்லை. வீட்டில் கேட்டால் "ஆடியது, ஆனால் ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்ததால் ஆகவில்லை. நியூகாசிலுக்குப் பதினைந்துதான் இருந்தது.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். முதலில் தரை: வீடு எந்த மண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். போர்ட் மெல்போர்ன், சவுத்பாங்க் பக்கம் யாரா ஆற்று முகத்தில் கூட் ஐலண்ட் சில்ட் எனப்படும் மிக இளகிய களிமண் ஆழமாக இருக்கிறது, அங்கே ஆட்டம் கூடும். வடக்கிலும் கிழக்கிலும் பல புறநகர்களில் சேற்றுப்பாறை மேலாகவே வந்துவிடும், மேற்கே எரிமலைப் பாறை, அவை பரவாயில்லை.

அப்புறம் மேலே அண்ணாந்து பாருங்கள். புகைபோக்கிதான் முதலில் விழும், எந்த நடுக்கத்திலும். கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் செங்கல் தூண், யாரும் பயன்படுத்தாத ஒன்று, படுக்கையறைக்கு நேர் மேலே இருந்தால் கூரை மட்டத்துக்கு இடித்துவிடுங்கள், அல்லது கூரைச் சட்டத்தோடு எஃகுப் பட்டையால் பிணைக்கச் சொல்லுங்கள். பாரம்பரியப் பகுதி என்று கவுன்சில் குறித்திருந்தால் இடிக்க அனுமதி வேண்டியிருக்கும், அப்போது பிணைப்பதுதான் வழி. கூரையின் முக்கோண முகப்புச் சுவர் செங்கல்லாக இருந்தால் அதுவும் கூரையோடு பிணைந்திருக்கிறதா என்று பரணுக்குள் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள், பல வீடுகளில் அது சும்மா நிற்கும்.

சுவர்: ஒரு சாவியால் செங்கல்லுக்கு இடையே சாந்தைச் சுரண்டிப் பாருங்கள், மணலாகக் கொட்டினால் பூச்சைப் புதுப்பிக்க வேண்டும். பழைய மென்மையான செங்கல்லில் வெறும் சிமென்ட் வைத்துப் பூசவிடாதீர்கள், ஈரம் வெளியேற முடியாமல் செங்கல்லே உதிரும், சுண்ணாம்புக் கலவைதான் சரி. வால் டைகளைப் பார்க்க ஒரு சின்னத் துளை போட்டு மெல்லிய கேமராவை உள்ளே விட்டால் போதும். துருப்பிடித்திருந்தால் வெளியிலிருந்தே துளையிட்டு, முறுக்கிய ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் கம்பிகளைச் செலுத்தி இரண்டு சுவர்களையும் மறுபடி பிணைத்துவிடலாம், வீட்டைக் காலி செய்யக்கூடத் தேவையில்லை. இதுவே மரச்சட்டத்தில் பலகை அடித்த வெதர்போர்ட் வீடாக இருந்திருந்தால் நான் இவ்வளவு நீட்டியிருக்கமாட்டேன். மரம் லேசானது, வளையும், அந்த வீடுகளில் புகைபோக்கியைத் தவிரப் பெரிய கவலை இல்லை. பிரிக் வெனீரும் ஓரளவு அப்படித்தான், கூரையைத் தாங்குவது உள்ளே இருக்கும் மரச்சட்டம், செங்கல் வெளிப்போர்வைதான்.

"சின்னச் சின்னதாக ஆடினால் நல்லது, அழுத்தம் வெளியேறிப் பெரியது வராது" என்று ஒரு நம்பிக்கை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அளவு ஒன்று கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு. ஒரு 6 வெளியிடும் ஆற்றலுக்கு 4 அளவில் ஆயிரம் தேவை, அவ்வளவு எங்கும் வருவதில்லை. டெனன்ட் கிரீக்கில் 1987 முழுக்கச் சின்ன அதிர்வுகள் வந்துகொண்டிருந்தன, அப்புறம்தான் அந்த மூன்று.

ஆடும்போது வெளியே ஓடாதீர்கள். போமன்ட் தெருவில் இறந்தவர்கள் மேல் விழுந்தது வெளிப்பக்கம் சரிந்த சுவர், செங்கல் கட்டடத்தின் வாசலும் நடைபாதையும்தான் மிக மோசமான இடம். மேசைக்குக் கீழே போய்த் தலையை மூடிக்கொண்டு மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் நின்ற பிறகு எரிவாயு வாடை வந்தால் மீட்டரில் அடைத்துவிட்டு வெளியேறுங்கள், சுவர்களை ஒட்டி நிற்க வேண்டாம். சேதத்துக்கு எஸ்இஎஸ் (மாநில அவசர உதவிச் சேவை) எண் 132 500. காப்பீட்டைப் பொறுத்தவரை இங்கே வீட்டுப் பாலிசிகளில் நிலநடுக்கம் பெரும்பாலும் சேர்ந்தே வரும், ஆனால் அதற்குத் தனி எக்சஸ் (இழப்பில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை) வைத்திருக்கிறார்களா, 72 மணி நேரத்துக்குள் வரும் பின்னதிர்வுகளை ஒரே நிகழ்வாக எடுத்துக்கொள்கிறார்களா என்று ஆவணத்தில் பாருங்கள். முக்கியமாகக் காப்பீட்டுத் தொகை இன்றைய மறுகட்டுமானச் செலவுக்கு ஈடாக இருக்க வேண்டும், டபுள் பிரிக்கைத் திரும்ப டபுள் பிரிக்காகவே கட்ட ஆகும் செலவு பலரும் போட்டு வைத்திருக்கும் தொகையைத் தாண்டிவிடும்.

கடைசியாக ஒன்று, இது நேரம் சம்பந்தப்பட்டது. வீடு ஏலத்துக்கு வருகிறது என்றால் விக்டோரியாவில் ஏலத்தில் எடுத்த பிறகு கூலிங் ஆஃப் (மனம் மாறி விலகிக்கொள்ளும் அவகாசம்) கிடையாது, கை தூக்கினால் தூக்கியதுதான். வழக்கமான கட்டட ஆய்வு அறிக்கை சுவரின் உள்வெற்றிடத்தைப் பார்ப்பதில்லை, "வால் டையும் புகைபோக்கியும் பார்க்க வேண்டும்" என்று நீங்களாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள். துளை போட வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும் என்பதால் ஏஜென்ட்டிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். மறுத்தால், வெளிச்சுவர் எங்காவது பிதுங்கியிருக்கிறதா, ஜன்னல் ஓரங்களில் படிபோல் விரிசல் போகிறதா என்பதையாவது இன்ஜினியரை வைத்துப் பார்த்து, சுவர் முழுக்கப் புதுக் கம்பி போடும் செலவை விலையில் கழித்துக்கொண்டு ஏலத்துக்குப் போங்கள்.